பாப்பாவைக் கேட்காதே

எய்யா, நேற்று நீ போனை வைத்ததிலிருந்து எனக்கு அடுப்படியில் கை ஓடவில்லை. ரசத்தில் இரண்டு தடவை உப்பைப் போட்டுவிட்டேன். அப்பா அதைக்கூடக் கவனிக்காமல் சாப்பிட்டு எழுந்து போனார், அவர் மனசும் தட்டில் இல்லை. இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் நான் ஒரு பேச்சைத் தொடங்கினால் நீ நடுவில் புகுந்து வேறொன்று கேட்பாய், அப்புறம் மீட்டிங் என்பாய். அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து நிதானமாகப் படி. உன் பெண்டாட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. அவளுக்குத் தெரியக் கூடாதது இதில் ஒன்றும் இல்லை.

உன் பாப்பாவுக்கு ஏழு வயதுதான் ஆகிறது. பள்ளிக்கூட வாசலில் அவளுக்கு உடம்பு நடுங்குகிறது, ராத்திரி தூக்கம் இல்லை, பேசிப் பேசிப் பார்த்தும் போதவில்லை, மாத்திரையும் சேர்த்துக் கொடுக்கலாம், முடிவு உங்களுடையது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றாய். "நீங்க எனக்கு எப்படிம்மா முடிவு பண்ணீங்க?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் நீயே சொன்னாய்: "எங்களால முடியலம்மா. பாப்பாகிட்டயே கேட்டு, அவ என்ன சொல்றாளோ அதச் செஞ்சிரலாம்னு பாக்குறோம்." அந்தப் பேச்சுதான் என்னை எழுத உட்கார வைத்தது. அது கூடாது. ஏன் கூடாது என்று உனக்கே தெரிந்திருக்க வேண்டும். அந்த வெள்ளிக்கிழமையை நீ மறந்திருக்கலாம், சின்னப் பிள்ளை. நான் மறக்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தி.நகரில் முன்பக்கம் நம் பாத்திரக்கடை, பின்பக்கம் வீடு. மாடியில் பெரியப்பா குடும்பம், கீழே நாம். ஊரிலிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து வந்து போட்ட கடைதான் என்றாலும் சொல் பெரியப்பாவுடையது. அவர் ஒன்று சொன்னால் அப்பா தலையாட்டுவார், அப்பா தலையாட்டினால் நானும் ஆட்ட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். உனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டிலிருந்த பிள்ளைகளில் நீதான் கடைக்குட்டி.

காலை வந்தாலே உன் கேள்விகள் தொடங்கிவிடும். நீ கண் விழித்ததும் முதலில் கேட்பது, "அம்மா, இன்னைக்கு உனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" ஆகாது என்பேன். பல் விளக்கிவிட்டு வந்து மறுபடியும் கேட்பாய். குளித்துவிட்டு வந்து கேட்பாய். சட்டைப் பொத்தான் போடும்போது கேட்பாய். கேஸை மூடியாச்சா, கடை ஷட்டருக்குப் பூட்டுப் போட்டாச்சா, அப்பா ரோட்டைப் பார்த்துக் கடப்பாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு முடித்து, இட்லி ஒரு விள்ளல் உள்ளே போனதும் அத்தனையையும் வாந்தி எடுப்பாய். பள்ளிக்கூட வாசலில் ஆட்டோவின் கம்பியைப் பிடித்தாய் என்றால் உன் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டும். "எறக்கும்மா சீக்கிரம், பெல் அட்ச்சிட்டான், எனக்கு வேற சவாரி கீது" என்று ஆட்டோக்காரர் ஒரு பக்கம் கத்துவார், நீ இன்னொரு பக்கம். தெருவே நின்று பார்க்கும். நானும் சில நாள் முதுகில் அடி வைத்திருக்கிறேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்று மாடியில் சொன்னார்கள். பிடிவாதம் என்றார்கள். பயந்த கோளாறு என்று கயிறு மந்திரித்துக் கட்டினோம், வேப்பிலை அடித்தோம், கபாலி கோயிலில் நாற்பத்தெட்டு நாள் விளக்குப் போட்டேன். நீ மெலிந்துகொண்டே போனாய். உன் கால்சட்டை இடுப்பில் நிற்காமல் ஊக்குப் போட்டு அனுப்பினேன்.

அப்புறம் அந்த அண்டா விஷயம். இதை உன் பெண்டாட்டியிடம் நீ சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாய். எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வராது. ஒரு நாள் மத்தியானம் உன்னைக் காணோம். பனகல் பார்க், பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் என்று கடை ஆட்கள் மூலைக்கு ஒருவராக ஓடினார்கள். நான் ரங்கநாதன் தெரு கூட்டத்தில் செருப்பில்லாமல் உன் பெயரைக் கூவிக்கொண்டு போனேன். சாயங்காலம் கல்யாண வாடகைக்குப் பெரிய அண்டா எடுக்கக் கோடவுனுக்குள் போன ஆள் மூடியை நகர்த்தினால், உள்ளே நீ சுருண்டு உட்கார்ந்திருக்கிறாய். மேலெல்லாம் வேர்வை, கண் மட்டும் திறந்திருக்கிறது. மூடி சரியாகப் பொருந்தாமல் ஒரு பக்கம் இடைவெளி இருந்ததால் பிழைத்தாய். நான் உன்னைத் தூக்கி வெளியே எடுத்தபோது நீ அழவில்லை. "இதுக்குள்ள இருந்தா ஒண்ணும் ஆகாதும்மா" என்று எனக்குச் சமாதானம் சொன்னாய். அன்றைக்குத்தான் உன் அப்பா அண்ணனைக் கேட்காமல் முதல்முறையாக ஒரு முடிவு எடுத்தார். டாக்டரிடம் போவோம் என்றார்.

அடையாறில் ஒரு வீட்டு மாடியில் அந்த டாக்டர் அம்மாவின் கிளினிக். பிள்ளைகளின் மனசுக்கு வைத்தியம் பார்க்கிறவர். வீட்டில் உனக்குக் கண் பரிசோதனை என்று சொல்லிவிட்டுப் போனோம். அவர் உன்னைத் தனியாக வைத்துப் படம் வரையச் சொல்லிப் பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டார். பயமெல்லாம் ஒரு நோயா என்று நான் சற்று எரிச்சலாகவே கேட்டேன். "பயம் எல்லாருக்கும் வரும்மா. வந்துட்டுப் போயிடும். இவனுக்கு வந்தது போக மாட்டேங்குது" என்றார். சில வாரம் பேசிப் பார்த்தார், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளிக்கூடம் பக்கம் அழைத்துப் போகச் சொன்னார், நீ தெருமுனை தாண்டவில்லை. அதற்குப் பிறகுதான் மாத்திரை பேச்சை எடுத்தார். முதலில் இருதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். வாய் உலரும், தூக்கம் வரும், பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், எல்லாருக்கும் கேட்கும் என்று நிச்சயம் கிடையாது, நீங்களாக நிறுத்தக் கூடாது என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். நல்லதா கெட்டதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்று அப்பா கெஞ்சினார். அவர் சொன்னது எனக்கு அப்போது பிடிக்கவில்லை: "குடுக்கலாம்னு நான் சொல்றேன். குடுக்கறது நீங்கதான்."

மாத்திரையை மயிலாப்பூரில் இறங்கி வாங்கினோம். தி.நகரில் மருந்துக்கடைக்காரர்கள் அத்தனை பேரும் பழக்கம், மாத்திரைப் பெயரைப் பார்த்ததும் கடைவீதி முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயம். ஆனாலும் வீட்டில் எத்தனை நாள் மறைக்க முடியும்? ஈ.சி.ஜி. எடுக்க உன்னைக் கூட்டிக்கொண்டு போன அன்றே பெரியப்பா கேட்டுவிட்டார், கண்ணுக்கு எதற்கு நெஞ்சில் ஒயர் வைக்கிறான் என்று. அப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அவ்வளவுதான், வீடு இரண்டாகிவிட்டது. பைத்தியத்துக்குக் கொடுக்கிற மாத்திரையைப் பச்சைப் பிள்ளைக்குக் கொடுப்பதா, மூளை மந்தமாகிவிடும், காலமெல்லாம் அது இல்லாமல் இருக்க முடியாது, நாளைக்கு இவன் எப்படிக் கல்லாவில் உட்காருவான் என்று கேட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மூத்த மகளுக்கு அப்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் ஒரு பிள்ளைக்கு மனசு சரியில்லை என்று வெளியே தெரிந்தால் வந்த வரன் திரும்பிப் போய்விடும் என்ற பயம் அவருக்கு. எல்லாருக்கும் அவரவர் பிள்ளைதானே.

நான் மட்டும் என்ன பெரிய தைரியசாலியா? ஒரு நாள் காலையில் டாக்டர் சொன்னபடி மாத்திரையைப் பாதியாக உடைத்துவிட்டேன். அந்தப் பாதி என் உள்ளங்கையில் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு என்னென்னவோ தோன்றியது. இதைச் சாப்பிட்டுவிட்டு என் பிள்ளை வேறு யாரோ ஆகிவிட்டால்? பயம் போகிறபோது கூடவே உன் சிரிப்பும் போய்விட்டால்? நீ சிரிக்கும்போது மூக்கைச் சுருக்குவாயே, அதெல்லாம் எங்கே இருக்கிறது, மூளையிலா, எங்கே? கொடுக்காமல் விட்டால் நாளைக்கு எந்த அண்டாவில் தேடுவேன்? இரண்டு பக்கமும் பள்ளம். மாத்திரையைத் தாளில் மடித்து அஞ்சறைப் பெட்டியில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கினேன். இப்படியே நாட்கள் போயின. அப்பா ராத்திரி வந்ததும் என் முகத்தைப் பார்ப்பார், கொடுத்துவிட்டாயா என்று. நான் அவர் முகத்தைப் பார்ப்பேன், கொடுக்கவா என்று. இரண்டு பேரும் கேட்க மாட்டோம். உன் எடை மட்டும் குறைந்துகொண்டே வந்தது.

அப்போதுதான் பெரியப்பா சொன்னார், சாமிகிட்ட கேட்டுருவோம், பூக்கட்டிப் பாத்துருவோம் என்று. நம் வீட்டில் அது இல்லாமல் ஒரு காரியம் நடந்தது கிடையாது. வெள்ளைப் பூ ஒரு தாளில், சிவப்புப் பூ ஒரு தாளில். ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் குலுக்கிப் போட்டு, விவரம் தெரியாத ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் விட்டுவிடு. கடைக்குட்டி என்பதால் மூன்று வயதிலிருந்து எடுக்கிற கை உன் கைதான். லாரி வாங்கியது, கிணற்றை மூடியது, வேலைக்கு ஆள் வைத்தது எல்லாம் நீ எடுத்துக் கொடுத்த பூதான். ராசியான கை என்று பெரியப்பா உனக்கு அல்வா வாங்கித் தருவார். அதற்கு மூன்று வருஷம் முன்பு அசோக் நகரில் கிளை போடலாமா என்று பார்த்தபோதும் நீதான் எடுத்தாய், வெள்ளை வந்தது. கடை ஓடவில்லை. ஒரு வருஷத்தில் ஷட்டரை இழுத்து மூடினோம். "உன் கைய நம்பி எறங்குனேன் பாருலே" என்று பெரியப்பா உன் தலையில் தட்டி விளையாட்டாகச் சொன்னார். எல்லாரும் சிரித்தோம். நீயும் சிரித்தாய்.

மாத்திரைக்குப் பூக்கட்டலாம் என்று அவர் சொன்னபோது நானும் சரியென்றேன். மனசாரச் சொன்னேன். யாராவது இந்தப் பாரத்தை என் தலையிலிருந்து இறக்கி வைத்தால் போதும் என்றிருந்தது. எடுக்கப்போகிற கை எந்தக் கை என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. பழக்கம் அப்படி.

வெள்ளிக்கிழமை, விளக்கேற்றியாயிற்று. பெரியப்பா காலண்டர் தாள் இரண்டைக் கிழித்து, நந்தியாவட்டை ஒன்றிலும் செவ்வரளி ஒன்றிலும் வைத்து மடித்துப் பித்தளைத் தட்டில் போட்டார். அப்பா உன்னைக் கூட்டிவந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடு என்றார்கள். நீ எடுக்கவில்லை. எதுக்கு என்று கேட்டாய். சும்மா, கடை விஷயம் என்றார் பெரியப்பா. நீ அவரை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"மாத்திரைக்கா?" என்றாய்.

விவரம் தெரியாத பிள்ளையாம்! வீட்டிலேயே எல்லா விவரமும் தெரிந்தவன் நீ ஒருவன்தான். உன் உதடு வெளுத்துவிட்டது. கை தட்டின் மேலே போய், தொடாமல், அந்தரத்தில் நின்றது. ஒரு பொட்டலத்துக்கு மேலே போகும், இன்னொன்றுக்கு வரும், திரும்பவும் போகும். பெரியப்பா எடுய்யா, எடுய்யா என்கிறார். அப்பா தரையைப் பார்க்கிறார்.

"நான் தப்பா எடுத்துட்டா என்னம்மா ஆகும்? அசோக் நகர் கட மாதிரி ஆயிருமா?"

எய்யா, அந்தக் கேள்வியை நான் என்னவென்று எழுதுவேன். பெரியவர்கள் நாங்கள் சிரித்து மறந்துவிட்ட ஒன்றை நீ இரண்டு வருஷமாக நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாய். ஒரு கடை மூடியது உன் கையால்தான் என்று நம்பியிருக்கிறாய். கடையே உன் கையால் மூடும் என்றால் அம்மா சாவதும், அப்பா ரோட்டில் அடிபடுவதும் உன் கையால் ஏன் ஆகாது? அதுதான் உன் பயத்துக்குக் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். பிறகு கேட்டபோது டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை, ஒரு காரணத்தில் வருகிற விஷயம் இல்லை என்றார். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு ஆத்திரம் வந்தது பார், அப்படி ஓர் ஆத்திரம் எனக்கு முன்னேயும் வந்ததில்லை, பின்னேயும் வந்ததில்லை. யார்மேல் என்று கேட்டால் என்மேல்தான் முதலில். தாயாகிய எனக்கே முடிவு செய்யப் பயமாக இருக்கிறதாம், அதற்கு ஒன்பது வயதுப் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன்.

தட்டிலிருந்த இரண்டு பொட்டலத்தையும் சேர்த்து அள்ளினேன். பிரிக்கவில்லை. எதில் எது இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பின்கட்டுக்குப் போய்த் தென்னைமரத்தடியில் போட்டுவிட்டு வந்தேன். சாமி காரியத்தில் கை வைக்காதே என்று பெரியப்பா சத்தம் போட்டார். நான் அதுவரை அவர் முன்னால் தலை நிமிர்ந்து பேசியதில்லை.

"சாமி எனக்குப் பிள்ளயக் குடுத்திருக்கு அத்தான். மாத்திரை குடுக்கணுமா வேண்டாமாங்கிறத நான் பாத்துக்கிடுதேன்."

பிறகு உன் முன்னால் உட்கார்ந்தேன். நீ எதையும் எடுக்க வேண்டாம், மாத்திரை கொடுக்கப்போவது நான், அது உன் பயத்தைக் குறைக்கத்தான், வாய் உலரும், தூக்கம் வரும், நல்லதாகப் போனாலும் கெட்டதாகப் போனாலும் அது அம்மா செய்த காரியம் என்று சொன்னேன். மாத்திரை கசக்குமா என்று கேட்டாய். அவ்வளவுதான் கேட்டாய். சாப்பாடு முடிந்ததும் பாதியைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுக் குளியலறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் சில வாரம் ஒன்றுமே தெரியவில்லை. நீ மத்தியானமே தூங்கி வழிந்தாய், நாக்கு ஒட்டுகிறது என்றாய். நான் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி ஓடி டாக்டருக்குப் போன் போட்டேன். மாடியிலிருந்து யாரும் என்னோடு பேசவில்லை. நான் தப்புச் செய்துவிட்டேனோ என்று நினைக்காத நாள் இல்லை. அப்புறம் ஒரு காலையில் இட்லி இரண்டு தின்றுவிட்டுச் சட்னி கேட்டாய். நான் அசையாமல் நின்றேன், அசைந்தால் கலைந்துவிடுமோ என்று. கேள்விகள் குறைந்தன, போகவில்லை. தெருமுனை, பஸ் ஸ்டாப், பள்ளிக்கூடச் சுவர், வாசல் என்று தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தோம். வாசலில் உனக்காக வெயிலில் மொபெட்டை நிறுத்திக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருந்தது யார் தெரியுமா? பெரியப்பாதான். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் ஒரு நாளும் தவறவில்லை. ஒரு வருஷத்துக்கும் மேலாகக் கொடுத்து, டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். உனக்குக் கேட்டது. உனக்குக் கேட்டது பாப்பாவுக்கும் கேட்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அது வேறு பிள்ளை, மருந்தும் வேறாகியிருக்கும். கொடு என்றோ கொடுக்காதே என்றோ சொல்ல நான் யார்? டாக்டரை உட்கார வைத்துக் கேள், வெட்கப்படாமல் பத்துத் தடவை கேள். பாப்பாவிடம் எல்லாவற்றையும் சொல், அவள் என்ன பயப்படுகிறாள் என்பதையும் கேட்டுக்கொள். வாழைப்பழத்துக்குள் ஒளித்து வைத்து ஏமாற்றாதே. ஆனால் கொடுக்கட்டுமா வேண்டாமா என்று மட்டும் அவளைக் கேட்காதே. அது பெற்றவர்கள் வேலை. அவளுக்கு மரியாதை கொடுப்பதாக நீ நினைக்கிறாய். உன் பயத்தை அவள் கையில் கொடுக்கிறாய்.

உனக்குப் பதினேழு வயதில் ஒரு நாள் நடந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். கல்லூரியில் சேர்ந்த புதிது. எங்கேயோ எதையோ படித்துவிட்டு வந்தாய், சின்ன வயதில் கொடுக்கிற மாத்திரை மூளையை என்னவெல்லாம் செய்யும் என்று. நேரே சமையலறைக்கு வந்தாய். நீ என்னைவிட உயரம் அப்போது. "யாரக் கேட்டு எனக்கு அந்த மாத்திரையக் குடுத்தீங்க?" என்று கத்தினாய்.

"யாரையும் கேக்கல. நான்தான் குடுத்தேன்" என்றேன்.

என் வாழ்க்கையோடு விளையாடியிருக்கிறீர்கள் என்றாய். இன்னும் என்னென்னவோ சொன்னாய். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய். ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. பையன் இப்படிப் பேசிவிட்டானே என்று அப்பா எனக்கு ஆறுதல் சொல்ல வந்தார். எனக்கு வருத்தம் இருந்தது, இல்லாமல் என்ன. ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது, அதை நான் அவரிடம்கூடச் சொன்னதில்லை. கோபம் வந்ததும் நீ உன் கையைப் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தாய்.

கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் ஒரு நாள் பாப்பாவும் உன் முன்னால் வந்து நின்று கத்துவாள். அப்போது அவளிடம், நீதானே அன்றைக்குச் சொன்னாய் என்று சொல்லும்படி வைத்துக்கொள்ளாதே. எழுந்து நின்று, நான்தான் செய்தேன் என்று சொல். அவள் கத்தி முடிக்கும்வரை அங்கேயே நில்.